எழுபத்திரண்டு

ஊசியைவிடக் கொஞ்சம் தடித்த கண்ணாடிக் குழாய்.
பெர்னார்தினா தீக்கோனாவின் விரல்நுனியிலிருந்து
ஒரு சொட்டு அதில் ஏறியது.
மெழுகால் வாயடைத்து, சுழலியில் வைத்து,
ஐந்து நிமிடம் சுற்றவிட்டேன்.

கீழே கய்யாவ் துறைமுகத்தில், நான் வேலை பழகிய இடத்தில்,
சுழலி நின்றதும்
பாதிக்குக் கொஞ்சம் கீழேயே சிவப்பு நின்றுவிடும்.
மேலே வைக்கோல் நிறத் தெளிநீர்.
இவளுடையதில் நூற்றுக்கு எழுபத்திரண்டு சிவப்பு.
தெளிநீர்,
யாரோ குடித்துவிட்டு மிச்சம் வைத்த அளவு.

மறுபடி சுற்றினேன்.
எழுபத்திரண்டு.

கருநீலச் சோளச்சாறு குடித்தவள்போல் உதடு.
சுரங்கத்துக்குள் பெண்களை விடுவதில்லை;
வெளியே கொட்டும் கல்குவியலில்
பொன் ஒட்டியிருக்கும் துண்டுக்காக
இருபத்தாறு வருடமாகக் குனிந்தே இருக்கிறாள்,
கடலுக்கு ஐயாயிரம் மீட்டர் மேலே.
"இது நோயா?" என்று ஸ்பானிஷில் கேட்டுவிட்டு
பதிலைக் கெச்சுவாவில் தனக்கே முணுமுணுத்துக்கொண்டாள்.

நோய் என்று எழுதத்தான் படிவத்தில் இடம் இருந்தது.
பதில் என்று எழுத இடமில்லை.

முதுகோடு ஒட்டிய இரண்டு அவரை விதைகளுக்கு
மலை தெரியாது, பனி தெரியாது.
வருகிற ரத்தத்தில் மூச்சுக்காற்றின் ருசி பார்த்து
போதாது என்கின்றன.
எலும்புக்குள் இருக்கும் பட்டறைக்கு ஆள் அனுப்புகின்றன.
இன்னும் சிவப்பு வேண்டும்.
பட்டறையில் அடுப்பு அணைவதில்லை.
மறுநாளும் போதாது.
இருபத்தாறு வருடமாகப் போதாது.

நான் அப்போது வந்து பதினோரு நாள்.
முதல் இரவு மூச்சு நின்று நின்று வந்தது:
ஆழமாக நாலு, பிறகு ஒன்றுமில்லை,
பிறகு யாரோ உலுக்கி எழுப்பியதுபோல் ஒன்று.
தகரக் கழிப்பறைக்குப் பனியில் ஏழு நடை.
அதிகம் மூச்சிரைத்ததில்
ரத்தத்தில் காரம் ஏறிவிட்டதாம்;
உடம்பு அதை வடித்துக் கொட்டுகிறதாம்.
டாக்டர் எவாரிஸ்தோ சிரித்துக்கொண்டே சொன்னார்.
வெளியே சுழியத்துக்கு ஒன்பது பாகை கீழே.
பல் தந்தியடிக்க, தசை தசையோடு உரசித் தீ மூட்ட,
அக்குளில் வைத்த வெப்பமானி
முப்பத்தாறு புள்ளி எட்டு என்றது.
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
நான் போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தேன்,
உள்ளே யாரோ
உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெர்னார்தினாவிடமிருந்து அரை லிட்டர் எடுத்தோம்.
குழாயில் வழியத் தயங்கியது,
பாகுபோல.
அன்று தலைவலி இல்லை, காதில் இரைச்சல் இல்லை,
இரண்டு கோப்பை சூப் குடித்தாள்.
ஆறு வாரத்தில் திரும்பி வந்தாள்.
எழுபத்தொன்று.
களவுபோனதை உடம்பு
ஒவ்வொரு சிவப்பாக எண்ணித் திரும்ப வைத்திருந்தது.
நேர்மையான வேலைக்காரனிடம்
போதும் நிறுத்து என்று சொல்ல
எந்த மொழியில் சொல் இருக்கிறது?

"கீழே இறங்கு, அது ஒன்றுதான் மருந்து" என்றார் டாக்டர்.
இறங்கினாள்.
கமனாவில், தங்கையின் நெல்வயல் பக்கம், ஒரு பருவம்.
ஐம்பத்திரண்டாகி வந்தாள், உதடு வெளுத்து.

"அங்கே காற்று கெட்டி" என்றாள்.
"மென்றுதான் விழுங்கணும்போல.
ராத்திரி படுத்தால் நெஞ்சு தேடுகிறது,
தூக்கிக்கொண்டு நிற்க ஒரு மலை இல்லையே என்று."
பிறகு, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல்:
"கடைக்காரனுக்கு எண்ணூறு சோல் பாக்கி."

ஜன்னல் வழியே பார்த்தேன்.
கல்குவியலில் ஏறினாள்,
பாதியில் நின்றாள், இடுப்பில் கைவைத்து,
மூச்சு தன் கணக்கை முடிக்கும்வரை.
பிறகு ஏறினாள்.

விளக்கு அணைக்கும் முன்
என் விரலையும் குத்திக்கொண்டேன்.
வந்தபோது நாற்பத்து நாலு.
இன்று ஐம்பத்தொன்று.

பதிவேட்டில் எழுதவில்லை.
குழாயைத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.
மாடிப்படி பதினெட்டு.
நடுவில் நிற்காமல் ஏறிவிட்டேன் என்பது
மேலே போன பிறகுதான் உறைத்தது.